இருபதாவது வயர்

அன்புள்ள நிரோஷன்,

போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ எனக்குப் போன் எடுக்கிறாய். சாப்பிட்டீங்களா என்கிறாய், சாப்பிட்டேன் என்கிறேன். மழையா என்கிறாய், மழைதான் என்கிறேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வருவதில்லை, வைத்துவிடுகிறோம். மூன்று வாரத்துக்கு முன் எடுத்தபோது மட்டும் நீ நிறையப் பேசினாய். நம் தேயிலை பெக்டரியின் கன்ட்ரோல் பெனலை மாற்றும் வேலை உன் கம்பனிக்கே கிடைத்திருக்கிறது, வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை இரண்டு ஆட்களோடு நீயே வருகிறாய் என்றாய். ஒன்பது வருடமாக இந்தத் தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் வருகிறேன் என்றாய். புதுப் பெனல் வந்துவிட்டால் இனி நீங்கள் அங்கே யாருக்கும் தேவைப்பட மாட்டீர்கள், குவாட்டர்ஸைக் கொடுத்துவிட்டு கொழும்புக்கு எங்களோடு வந்துவிடுங்கள், சின்ன அறையை மருமகள் ஒழித்து வைத்திருக்கிறாள் என்றும் சொன்னாய். நான் பார்ப்போம் என்றேன். கிழவனுக்குப் பிடிவாதம் என்று நினைத்திருப்பாய். பிடிவாதம் இல்லை. உன் வீட்டு அறையில் நான் பாயை விரிப்பதற்கு முன் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். தெரிந்த பிறகு அந்த அறையைத் தருவதும் தராததும் உன் விருப்பம். நீ வருவதற்கு முன் கையில் கிடைக்கட்டும் என்று, இதைப் பதுளைக்குப் போய் நானே அனுப்புகிறேன்.

நீ எஞ்சினியர், உனக்குப் பாடம் நடத்த வரவில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் குற்றம் எது என்று விளங்கும். அந்தப் பெனல் வந்தபோது நீ எட்டாம் வகுப்பு. அதற்கு முன் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் ஒவ்வொரு ஃபேனுக்கும் ஒரு சுவிட்ச், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் ஓட வேண்டும். கொழும்பிலிருந்து வந்தவர்கள் அந்தச் சுவிட்ச்சுகளை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, எல்லாக் கட்டளையும் ஒரே பெட்டியிலிருந்து போகும்படி செய்தார்கள். ஃபேன், ரோலர், ட்ரையர் எதுவானாலும் ஓடு, நில் என்று உத்தரவு கொடுப்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கிற மூன்று அவுட்புட் கார்ட். ஒவ்வொரு கார்டின் முகத்திலும் அழுத்திச் செருகுகிற மாதிரி நீளமாக ஒரு டெர்மினல் ப்ளொக். ஒவ்வொரு ப்ளொக்கிலும் இருபது ஸ்க்ரூ, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு வயர். அறுபது வயரும் ஒரே சாம்பல் நிறம். எது எந்த மெஷினுக்குப் போகிறது என்று தெரிய, ஒவ்வொரு வயரின் நுனியிலும் மஞ்சள் நிறத்தில் சின்ன நம்பர் வளையம் போட்டார்கள், கதவின் உள்பக்கம் ஒரு படமும் ஒட்டினார்கள். அறுபது ஸ்க்ரூவையும் முறுக்கியவன் நான்தான். அதிகம் முறுக்கினால் உள்ளே செம்பு இழை நசுங்கி அறும், குறைந்தால் சூடேறிக் கருகும், முறுக்கி முடித்ததும் வயரை ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த அளவு என் கைக்கு இருந்தது, கொழும்புக்காரர்களே பாராட்டினார்கள். நான் அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே கிடப்பதைப் பார்த்து, பேசாமல் அதற்கே தாலி கட்டியிருக்கலாமே என்று உன் அம்மா கேலி பண்ணுவாள். உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

வேலை முடிந்து போகிற அன்று கொழும்புக்காரர் ஒருவர் பெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் சாதாரணமாகச் சொன்னார். இனித் தோட்டத்தில் தனியாக எலக்ரீசியன் வைத்திருக்கத் தேவையில்லை, நம்பரும் படமும் இருக்கின்றன, ஏதாவது கோளாறு என்றால் பதுளையிலிருந்து யாரையாவது கூப்பிட்டுக்கொண்டால் போதும் என்று. அவர் கெட்ட மனிதர் இல்லை. பெட்டியின் பெருமையைச் சொன்னார், அவ்வளவுதான். பக்கத்தில் கேபிள் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்த என் காதில் அது விழுந்தது. வேலை போனால் குவாட்டர்ஸ் போகும், தோட்டத்தில் அதுதான் சட்டம். உன் அம்மா தொழிலாளர் லயத்தில், ஒரே அறையில் ஒன்பது பேரோடு வளர்ந்தவள். குவாட்டர்ஸுக்கு வந்த முதல் நாள், சமையலறைக்குள்ளேயே பைப் இருக்கிறது என்று அதைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப லயத்துக்கு மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். அவளைச் சாக்காக வைத்து நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. பயந்தது நான், செய்ததும் நான். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

செய்தது இதுதான். பௌர்ணமிப் போயா நாட்களில் பெக்டரி ஓடாது, உனக்குத் தெரியும். அந்த நாட்களில் தூசி தட்டுகிறேன் என்று போய், பேனாக் கத்தியால் நம்பர் வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். ஒரே நாளில் இல்லை, சந்தேகம் வரக்கூடாதென்று மாதக்கணக்கில். கதவில் இருந்த படத்தை எலி கடித்துவிட்டது என்றேன். நம் பெக்டரியில் எலிக்குப் பஞ்சமா, டீமேக்கர் நம்பிவிட்டார். எந்த வயர் எங்கே போகிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன், அதையும் நம்பராக இல்லை. அந்தந்த மெஷினில் அப்போது வேலை செய்தவர்களின் பெயரை எழுதினேன். மாரியாயி ஃபேன், செல்லமுத்து ரோலர் இப்படி. அவர்கள் பென்ஷனுக்குப் போன பிறகு அந்தக் கொப்பி இன்னொருவன் கையில் கிடைத்தாலும் அவனுக்கு ஒன்றும் விளங்காது. அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு ஃபேன் நின்றால் ஜீப் வந்து நம் வாசலில் நிற்கும், எலக்ரீசியன் இருக்கிறாரா என்று கேட்பார்கள், நான் வேண்டுமென்றே மெதுவாக சட்டை போட்டுக்கொண்டு வருவேன். உன் பரிசளிப்பு விழாவுக்கு நான் வராததும், மொனராகலையில் உன் மாமா கல்யாணத்துக்கு நீயும் அம்மாவும் மட்டும் பஸ் ஏறியதும் பெக்டரி கூப்பிட்டதால் என்றுதானே நினைத்திருக்கிறாய்? என்னைத் தவிர வேறு ஆளைக் கூப்பிட முடியாதபடி நான்தான் செய்து வைத்திருந்தேன்.

இனி ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த நாளுக்கு வருகிறேன். எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்து மூன்று தாள் கிழித்தாயிற்று.

அம்மாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள் என்றார்கள். நீயும் நானும் விடிந்ததும் போய்விட்டோம். முதல் நாள் இங்கே பெரிய இடி. எட்டு மணிக்குத் தோட்டத்து மனேஜர் பெரிய துரை போன் எடுத்தார். பெனலில் ஒரு கார்ட் கருகிவிட்டது, மேலே வாட்டும் தொட்டி நிறையக் கொழுந்து கிடக்கிறது என்றார். நான் வரட்டுமா என்று கேட்டேன். நீங்கள் வராதீர்கள், சம்சாரத்தோடு இருங்கள், பதுளையிலிருந்து ஆள் கூப்பிட்டிருக்கிறேன் என்றார். மகனே, இந்த வரியை இரண்டாவது தடவை வாசி. வராதே என்றுதான் அவர் சொன்னார்.

அந்தப் பதுளை ஆள் கெட்டிக்காரன். ஸ்டோரில் மாற்றுக் கார்டும் ப்ளொக்கும் இருந்தன. கார்டை மட்டும் மாற்றுவதென்றால் ப்ளொக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் போதும், பத்து நிமிட வேலை. ஆனால் இடியில் ப்ளொக்கும் ஒரு ஓரம் உருகியிருந்தது. எல்லா இடத்திலும் நம்பர் இருக்கும் என்ற பழக்கத்தில் அவன் இருபது வயரையும் உருகிய ப்ளொக்கிலிருந்து கழற்றிவிட்டான். கழற்றிய பிறகுதான் பார்த்திருக்கிறான், ஒன்றிலும் நம்பர் இல்லை. ஒன்பது மணிக்குத் துரை திரும்ப எடுத்தார். எது எது என்று போனில் சொல்ல முடியுமா என்று கேட்டார். எப்படிச் சொல்வேன், இருபதும் ஒரே சாம்பல். வரச் சொல்லி அப்போதும் அவர் கேட்கவில்லை. கொழுந்து போனால் போகட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான்தான் வருகிறேன் என்றேன். கொழுந்து சிவந்துபோகும் என்பதற்காக இல்லை, நிரோஷன். ஒவ்வொரு வயரின் நுனியிலும் கத்தி பட்ட கோடு இருந்தது. அந்த ஆள் அதைக் கவனிப்பதற்குள் நான் அங்கே போய் நிற்க வேண்டும். அது ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது.

அம்மாவிடம் இரண்டு மணித்தியாலத்தில் வந்துவிடுவேன் என்றேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "போய்ட்டு வாங்க. பயலுக்கு டீ ஒன்னு வாங்கிக் குடுத்துட்டுப் போங்க, வெறும் வயித்தோட நிக்கிறான்" என்றாள். நான் டீகூட வாங்கித் தரவில்லை. பசறை வழியாக வருகிற வான் வண்டியைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

பெனல் முன்னால் நிற்கும்போது இருபது வயரும் கயிறு அவிழ்ந்த கட்டு மாதிரித் தொங்கின. கொப்பியைப் பார்த்து, சரியான வயரில் பட்டால் சத்தம் போடும் பஸரை வைத்து ஒவ்வொன்றாகத் தேடிப் புது ப்ளொக்கில் மாட்டினேன். பதுளை ஆள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றான். பத்தொன்பதாவது வயரை முறுக்கும்போது பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன், உன் பெயர். ஆபரேஷன் முடிந்திருக்கும், சொல்ல எடுக்கிறாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மையில், இவ்வளவு சீக்கிரம் முடிய வாய்ப்பில்லை என்று உள்ளே தெரிந்தது. எடுக்காமல் பையில் போட்டுவிட்டு இருபதாவது வயரைச் செருகினேன். முறுக்கினேன். இழுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் உனக்கு எடுத்தேன். நீ சொன்னதை நான் இங்கே எழுதவில்லை. அந்தத் தாழ்வாரத்தில் தனியாக நின்று நீ அதைச் சொன்னாய், அது போதும்.

ஏம்ப்பா போனீங்க என்று கேட்டாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். தொரை கூப்பிட்டாரு, வராம இருக்க முடியல என்றேன். அந்தப் பொய் எவ்வளவு லேசாக வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். தோட்டத்தில் துரைமேல் போடுகிற பழியை யாரும் விசாரிப்பதில்லை, தலைமுறை தலைமுறையாக அவர்கள்மேல் போட எவ்வளவோ இருந்திருக்கிறது. நீ நம்பினாய். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

பிறகு சாவு வீடு. துரை மலர்வளையத்தோடு நம் குவாட்டர்ஸ் வாசலில் வந்து இறங்கினார். நீ படியிறங்கிப் போய் அவர் முன்னால் நின்றாய். "எங்கம்மா போனதுக்கு ஒங்க கொழுந்துதான் காரணம். இந்த வாசல மிதிக்காதீங்க." லயத்து ஆட்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். துரையிடம் யாரும் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. அவர் உன்னைப் பார்க்கவில்லை, உன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். பதுளை ஆள் அவரிடம் எல்லாவற்றையும் காட்டியிருந்தான், கத்திக் கோட்டோடு. அவருக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்வேன் என்று அந்த மனிதர் காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன். சரி தம்பி என்று சொல்லிவிட்டு, மலர்வளையத்தை மதில்மேல் வைத்துவிட்டு, ஜீப்பில் ஏறாமல் நடந்தே இறங்கிப் போனார். டிரைவர் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு பல நாள் லயத்தில் உன்னை வீரன் மாதிரிப் பேசினார்கள். நானும் மறுக்கவில்லை.

முப்பதாம் நாள் காரியம் கழிந்து அவர் என்னை ஒப்பீசுக்குக் கூப்பிட்டார். வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார் என்று நினைத்துத்தான் போனேன். உட்காரச் சொன்னார், இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவை. "எலக்ரீசியன், வேல உங்களுக்கு இருக்கு, வீடும் இருக்கு. பையன்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்கிறேன் துரை என்றேன். அவர் மாற்றலாகிப் போகும்வரை இன்னும் மூன்று வருடம் இந்தத் தோட்டத்தில் இருந்தார், சொல்லிவிட்டீர்களா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் வளையங்களைத் திரும்பப் போடவும் இல்லை. போடச் சொல்லியும் அவர் கட்டாயப்படுத்தவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கம்.

நீ கொழும்புக்குப் போய் எத்தனையோ வேலை இருக்க இந்த வேலையை ஏன் எடுத்தாய் என்று உன் கல்யாணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மருமகளின் அப்பா கேட்டதற்கு நீ சொன்னாய்: நான் செய்கிற ஒவ்வொரு பெனலிலும் வயரின் இரண்டு முனையிலும் நம்பர் போடுவேன், படத்தை மூன்று பாஷையில் ஒட்டுவேன், என் அப்பாவைக் கூப்பிட்ட மாதிரி இன்னொருத்தன் அப்பாவை யாரும் கூப்பிடக் கூடாது என்று. சுற்றியிருந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் உன் கல்யாணத்தைக் கெடுத்தவன் ஆகியிருப்பேன், சொல்லாததால் வேறென்ன ஆனேன் என்று தெரியவில்லை. அங்கிருந்து வந்த பிறகு இந்த வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. பெக்டரி இரைச்சல் கேட்கும்வரை பரவாயில்லை, போயா நாளில் அதுவும் நின்றுவிட்டால் பாத்திரம் வைக்கிற சத்தத்துக்கே எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

நீ வருகிறாய் என்றதும் பதுளை பஜாருக்குப் போய் நம்பர் வளையம் ஒரு பக்கெட் வாங்கி வந்தேன். கடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் ஒரு போயா நாளும் பெக்டரி நின்றிருந்த பகல் முழுக்க அதே வேலைதான். வயர் தேடுவது இரண்டு பேர் வேலை என்பது உனக்குத் தெரியும். ஒருவன் பெட்டியில் நிற்க வேண்டும், ஒருவன் மெஷினில் நின்று சரி என்று குரல் கொடுக்க வேண்டும். எனக்குக் குரல் கொடுக்க ஆள் இல்லை, இத்தனை வருடத்தில் யாருக்கும் நான் சொல்லித் தந்ததில்லையே. கீழே ஒரு நுனியைக் கழற்றி எர்த்தில் கட்டிவிட்டு, மேல்மாடிக்கு ஏறி, மறுநுனியில் பஸரை வைத்துப் பார்த்து, இறங்கி வந்து வளையம் போட்டு, திரும்ப அடுத்தது. முழங்கால் விட்டுப்போய்விட்டது. ஒரு தடவை மேலே நின்று பழக்க தோஷத்தில் சரி என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன், காலித் தொட்டிகளில் பட்டு என் குரலே திரும்பி வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன்.

நேற்று அறுபதும் முடிந்தது. இரண்டு முனையிலும் நம்பர். புதுப் படமும் வரைந்து கதவில் ஒட்டிவிட்டேன், என் கையெழுத்துதான், மன்னித்துக்கொள். அந்த ஒரு ப்ளொக்கில் இருபது வயரின் நுனியையும் வெட்டிப் புதிதாக உலோக லக் அழுத்தியிருக்கிறேன், நுனி கருத்திருந்தது, புது ப்ளொக்குக்கு அப்படியே மாற்றினால் சரியாகப் பிடிக்காது. அதோடு கத்திக் கோடும் போய்விட்டது. மற்ற நாற்பதிலும் வளையம் அதை மூடிவிட்டது. ஆகவே திங்கட்கிழமை நீ அந்தக் கதவைத் திறந்தால் உனக்குத் தப்பாக எதுவும் தெரியாது. உன் ஆட்களைக் கூப்பிட்டு, எங்கப்பா வேலை எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று சொல்வாய். கடைசி வளையத்தைப் போட்டுவிட்டு நிற்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. நான் நம்பர் போட்டேனா, தடயத்தை அழித்தேனா? நீயாகவே கண்டுபிடித்து என்னைத் திட்டுவாய் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது, அந்த வழியையும் நானே அடைத்துவிட்டேன். இனி நான் சொன்னால்தான் உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன், ஒன்று சொல்கிறேன். நீ இல்லாவிட்டால் ஓடாது என்று எதையும் செய்து வைக்காதே. வேலையிலும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம். மருமகள் கூப்பிடும்போது போனைக் கீழே வைத்துவிட்டுப் போ, என்னிடம் பேசிக்கொண்டிருந்தாலும் சரி.

பெரிய துரை இப்போது பண்டாரவளையில் மகள் வீட்டில் இருக்கிறார். உடம்பு முடியவில்லை, ஆள் அடையாளம் தெரிகிறது என்கிறார்கள். அவருடைய போன் நம்பரை ஒப்பீசில் கேட்டு வாங்கித் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். என்னிடம் பேசுவதற்கு முன் அவரிடம் பேசு. அன்றைக்கு வாசலில் நீ சொன்ன சொல் எனக்குச் சேர வேண்டியது, அவர் வாங்கிக்கொண்டு போனார். அவர் ஒரு வார்த்தை திறந்து சொல்லியிருந்தால் அம்மாவைப் புதைத்த அன்றே நீ என்னையும் விட்டுப் போயிருப்பாய். இந்த ஒன்பது வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டீங்களாப்பா என்று நீ கேட்டதெல்லாம் அவர் பேசாமல் போனதால் எனக்குக் கிடைத்தது.

அவரிடம் பேசி முடித்த பிறகு, என்னிடம் பேசுவதா வேண்டாமா என்று நீ முடிவு செய்.

அப்பா